பியானோவைத் துடைக்கிறவள்

ஐந்து மணி அடித்துவிட்டது. பெரியநாயகி இன்னும் பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்ற அத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலிலிருந்து ஐந்து வரை பெரியநாயகியின் முறை. ஐந்திலிருந்து ஆறு வரை அத்தாயியின் முறை. ஆனால் மூன்று மாதமாக அத்தாயிக்கு ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைத்ததே இல்லை. அவள் வந்து நின்ற பிறகுதான் பெரியநாயகி துணியை எடுப்பாள். ஒவ்வொரு கட்டையாகத் துடைப்பாள். அப்புறம் முக்காலியைத் துடைப்பாள். பத்து நிமிஷம் போய்விடும். வெறும் தண்ணீர் போதாதாம், ஆஸ்பத்திரி வாடை அடிக்கிற மருந்துத் தண்ணீர் வேறு!

சேலத்தில் அந்த மாதர் சங்கீதக் கல்லூரியில் முப்பத்தாறாம் வருஷம் ஒரு விதி கொண்டுவந்தார்கள். வாய்ப்பாட்டோ வீணையோ, எதைப் படித்தாலும் பியானோப் பரீட்சையிலும் தேற வேண்டும். தேறாவிட்டால் சர்டிபிகேட் கிடையாது. தோடி பாடுகிறவளுக்குப் பியானோ எதற்கு என்று கேட்க ஆளில்லை. விதி போட்ட புண்ணியவான்கள் இரண்டாவது பியானோ வாங்கிப் போடவும் இல்லை.

அத்தாயி ஓமலூர்ப் பக்கத்துச் சேரிப் பெண். சர்டிபிகேட் வந்தால் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை. வராவிட்டால் அம்மாவோடு கடலைக் காட்டில் களை வெட்ட வேண்டியதுதான். பரீட்சை நாளைக் காலையில்.

பெரியநாயகி தறிக்காரர் வீட்டுப் பெண், ஒரு வயது மூத்தவள். சேர்ந்த புதிதில் "அக்கா, அக்கா" என்று அத்தாயி அவள் பின்னாலேயே திரிந்தாள். பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து பெரியநாயகி ஆளே மாறிவிட்டாள். தனித் தம்ளர் வைத்துக்கொண்டாள். விடுதியில் அத்தாயியின் பக்கத்தில் கிடந்த தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்த் தாழ்வாரக் கோடியில் போட்டாள். பேசினால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் ஜாதியைச் சொல்லி நன்றாக ஓதி அனுப்பியிருக்கிறார்கள் என்று அத்தாயி முடிவுகட்டிவிட்டாள்.

"ஏனுங்க, இன்னும் முடியலீங்களா?" என்றாள் குத்தலாக.

"ஆச்சு அத்தாயி. இன்னும் கொஞ்சந்தான்."

"நாளைக்குப் பரீச்சை. எனக்குன்னு இருக்கறது ஒரு மணி நேரம். அதையும் நீ தொடைச்சே தீத்துருவியா?"

"கொஞ்சம் பொறு. அதுக்குள்ள தொட்டுராத."

அவ்வளவுதான். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அத்தாயிக்குத் தலைக்கு ஏறியது. ஜன்னலில் பெரியநாயகியின் பித்தளைத் தம்ளர் பாதித் தண்ணீரோடு இருந்தது. அதை எடுத்தாள்.

"தொட்டா என்னடி ஆயிரும்? இந்தா பாரு, உன் தம்ளர்லயே குடிக்கறேன். கொண்டு போய்க் காவேரியில கழுவு!"

வாய் வைத்து மடக்கென்று குடித்தாள்.

பெரியநாயகி அலறிவிட்டாள். துணியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து தம்ளரைத் தட்டிவிட்டாள்.

"துப்பு! துப்புடி! முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன். தீட்டாயிருச்சா? அழு, நல்லா அழு!"

சத்தம் கேட்டு விடுதிப் பெண்கள் கூடிவிட்டார்கள். சூப்பரின்டெண்ட் ஜானகியம்மாள் மூச்சிரைக்க வந்தார்.

"ஜாதி பாக்கறவங்களுக்கு இங்க எடமில்லைன்னு சொன்னீங்களேம்மா! இவளைக் கேளுங்க. நான் வந்து நின்னாப் போதும், பியானோவைக் கழுவறா. நானென்ன மலத்தையா கையில பூசிட்டு வாரேன்?" அத்தாயிக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஜானகியம்மாளுக்கு விஷயம் வெளியே போகாமல் இருந்தால் போதும். "பரீட்சை நேரத்துல இந்தச் சண்டையெல்லாம் வேண்டாம். பெரியநாயகி, இவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போ. முடிஞ்சுது."

உண்மைதான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மறுநாள் அவளும் பரீட்சைக்கு உட்கார்ந்திருப்பாள்.

பெரியநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு இருமினா ரத்தம் வருதுங்கம்மா. பொங்கலுக்குப் போனப்பவே டாக்டர் காசநோய்னு சொல்லிட்டாருங்க. சொன்னாப் பரீச்சைக்கு விட மாட்டீங்கன்னு மறைச்சுட்டேன். இப்ப இவ என் எச்சித் தண்ணியக் குடிச்சுட்டா. இவளை உடனே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, தாயே!"

சுற்றி நின்ற பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஜானகியம்மாளும் இரண்டடி பின்னால் போனார்.

"காசமா? இனி ஒரு நிமிஷம் இங்க இருக்கக் கூடாது. ஜட்காவைக் கூப்பிடுங்கடி! பரீட்சையாவது ஒண்ணாவது!"

அரை மணியில் ஜட்கா வந்தது. பெரியநாயகி தன் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கி வைத்து ஏறினாள். ஒருத்தியும் கிட்டே போகவில்லை.

அத்தாயிக்கு இனி யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா!"

"வேண்டாஞ் சாமி, கிட்ட வராத." பெரியநாயகி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "டாக்டரைப் பாத்துட்டு வந்து வாசி. வலது பக்கம் எட்டுக் கட்டை இன்னும் தொடைக்கல. துணி அங்கயே கீழ கெடக்குது. தொடைச்சுட்டு உக்காரு."