காம்புக்குள் இருந்த காற்று

ஏரியை அடைத்துக்கிடந்த ஆகாயத்தாமரையை அள்ளக் கூலிக்கு வந்த பெண்களில் பேச்சியாயியும் ஒருத்தி. அந்தச் செடியின் காம்பு பந்துபோல உப்பி, உள்ளே காற்றை அடக்கி வைத்திருக்கும். அதனால்தான் அது மிதக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவள் ஒரு காம்பை விளையாட்டாக நசுக்கினாள். பட்டென்று வெடித்தது. முகத்தில் கிராம்பு வாசம் அடித்தது.

அவள் புருஷன் பல்வலிக்காரன், எந்நேரமும் வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பான். போன மாசிக்கு வலை வீச இந்த ஏரியில் இறங்கினவன்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை.

"என்னாடி மோந்து பாக்குற? சேத்து நாத்தந்தான அடிக்கும்" என்றாள் பக்கத்தில் நின்ற செல்லக்கிளி.

"இல்லக்கா. இது அவரு மூச்சு."

அதன் பிறகு அவள் எதையும் அள்ளிக் கரையில் எறியவில்லை. ஒவ்வொரு காம்பாக மூக்கருகே வைத்து உடைத்து, கண்ணை மூடி உள்ளே இழுத்தாள். எல்லாவற்றிலும் கிராம்புதான். நகர்ந்து நகர்ந்து தண்ணீர் கழுத்துக்கு ஏறியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த காம்பில் கிராம்பு இல்லை. வசம்பும் தாய்ப்பாலும் கலந்த வாசம், இளஞ்சூடாக வந்தது.

கரைப் புங்கமரத்தில் பிள்ளையைப் போட்டுவிட்டு வந்த தூளியைத் திரும்பிப் பார்த்தாள். அதன் அடியிலிருந்து சேறு கலந்த ஏரித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.