ஏழாவது சட்டை

"அம்மா, டைரக்டரோட அம்மான்னு யார்கிட்டயும் சொல்லிப்போடாதே. நாடகம் முடியற வரைக்கும் வாயையும் திறக்காதே."

"சரி கண்ணு" என்றார் பூவாத்தாள். பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மகள் லோகப்பிரியா இயக்கிய முதல் நாடகம் அது. விமர்சனம் எழுதப் பேராசிரியர் கிருபாசங்கர் வந்திருந்தார். அவர் சிபாரிசு செய்தால்தான் சென்னை நாடக விழாவில் இடம். கூட்டத்தையும் சேர்த்து மதிப்பிடும் பழக்கம் உள்ளவர் என்பதால் அவரும் கடைசி வரிசைக்கே வந்தார். பூவாத்தாளுக்குப் பக்கத்து நாற்காலி.

மே மாதம். கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருந்த அந்தச் சின்ன அரங்கில் ஏசி வேலை செய்யவில்லை.

மேடையில் தம்பிதுரை என்ற நடிகர், "குளிருது" என்பார். ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வார். மறுபடியும் "குளிருது" என்பார். அதன் மேலேயே இன்னொரு சட்டை. அரை மணி நேரமாக நாடகம் அவ்வளவுதான்.

நான்காவது சட்டையில் பூவாத்தாள் வாக்குத் தவறினார்.

"ஏனுங்க, இந்த வெக்கையில எதுக்குங்க இத்தனை சட்டை?"

"அபத்த நாடகமுங்க. இதுல அர்த்தமே தேடக் கூடாது" என்ற பேராசிரியர், அடுத்த பத்து நிமிடம் அதன் அர்த்தத்தை விளக்கினார்.

ஆறாவது சட்டை. தம்பிதுரை வசனம் பேசவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். இரண்டு கைகளும் உடம்பை விட்டு விலகி நின்றன.

"ஆகா, பறவைப் படிமம்!" என்று குறித்துக்கொண்டார் பேராசிரியர்.

"கோழிங்க" என்றார் பூவாத்தாள். "வெக்கை தாங்கலைன்னா இப்படித்தான் வாயைப் பொளந்துட்டு றெக்கையை அகட்டும். அப்புறம் பொத்துன்னு உழுந்துபோடும்."

"உஷ்!" என்றது முன்வரிசை.

தம்பிதுரையின் கை ஏழாவது சட்டையைத் தேடியது.

பூவாத்தாள் தண்ணீர் பாட்டிலோடு எழுந்து, விறுவிறுவென்று நடந்து மேடையில் ஏறிவிட்டார்.

திரை ஓரத்தில் லோகப்பிரியா பல்லைக் கடித்தாள். "அம்மா, இறங்கு! மானம் போகுது."

"போனாப் போகுது. இந்தத் தம்பியைத் தொட்டுப் பாரு."

பூவாத்தாள் அதற்குள் பொத்தான்களைப் பிய்க்க ஆரம்பித்திருந்தார். ஆறு சட்டையும் கழன்றன. பாட்டில் தண்ணீர் மொத்தமும் தலையில் இறங்கியது. தம்பிதுரை அப்படியே அவர் மடியில் சரிந்தார்.

லோகப்பிரியா ஓடிவந்து தம்பிதுரையின் நெற்றியில் கை வைத்தாள். தோசைக்கல்லாகக் கொதித்தது.

"திரையை மூடுங்க!"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

பின்வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. "இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா ஆள் தேறியிருக்க மாட்டார்" என்றார் அதில் வந்தவர். ஈரப் புடவையோடு பூவாத்தாளும் கூடவே ஏறிப் போனார்.

முன்வாசலில் பேராசிரியர் காத்திருந்தார்.

"அற்புதம்மா! நாங்க அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கிறோம், ஒருத்தி மட்டும் எழுந்து போறா! என் பக்கத்துலயே உட்கார வெச்சு என்னையே ஏமாத்திட்டீங்களே! சென்னைக்கு நான் எழுதறேன். அந்தக் கடைசிக் காட்சியில மட்டும் கை வெச்சுராதீங்க."

லோகப்பிரியா தலையை ஆட்டினால் போதும், சென்னை நிச்சயம்.

"அது காட்சி இல்லைங்க சார். தம்பிதுரை நிஜமாவே மயங்கிட்டாரு. இப்ப ஆஸ்பத்திரியில இருக்காரு."

பேராசிரியரின் பேனா நின்றது. "அப்ப... அந்தம்மா நடிக்கலையா?"

"அவங்க யாருன்னு உங்ககிட்டச் சொன்னாங்களா சார்?"

"சொல்லலையே."

"அது ஒண்ணுதாங்க அவங்க நடிச்சது. அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது" என்றாள் லோகப்பிரியா. "எங்கம்மா சார் அவங்க."