பதினேழாம் தேதிச் சீட்டு

1988 ஜூன் மாதக் கட்டைப் பிரித்து, மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்த செலின், மருந்துக் கடைக்காரர் உஸ்மான் கனி பாய் சொன்னதைக் கேட்டதும் கையை நிறுத்தினாள்.

பதினேழாம் தேதிச் சீட்டு ஒன்று மட்டும் கட்டுக்குள் இருக்கக் கூடாதாம்.

மூன்று மணிக்கு மருந்து ஆய்வாளர் வருகிறார். நூம்பல் கிராமத்துக் குப்பம்மா யாரையோ பிடித்து மனு எழுதிப் போட்டிருக்கிறாள்.

டாக்டர் இந்தக் கடையின் முன்னறையிலேயே உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பதால் சீட்டுகளெல்லாம் கடையிலேயே தங்கிவிடும். அந்தச் சீட்டு, குப்பம்மாவின் எட்டு மாதப் பிள்ளைக்கு மூச்சு இழுப்புக்கு எழுதியது. மருந்து கொடுத்த மறுநாளே வலிப்பு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்த பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை.

டாக்டர், சரியாகத்தான் எழுதினேன் என்றார். பாய், சரியாகத்தான் கொடுத்தோம் என்றார்.

மிச்சம் இருந்தது குப்பம்மா.

படிக்கத் தெரியாதவள், அளவு தெரியாமல் ஊற்றியிருப்பாள் என்று தெருவே பேசி முடித்துவிட்டது. புருஷன் அவளைப் பிறந்த வீட்டுக்கு விரட்டிவிட்டான். போன வாரம் கடை வாசலில் நின்று அவள் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"சொன்ன அளவுதாம்மா ஊத்துனேன்."

செலினும் அப்போது அதை நம்பவில்லை. இன்று அந்தச் சீட்டைக் கண்ணால் பார்க்கும்வரை நம்பவில்லை.

இப்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படித்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, படிக்காத ஒருத்தியின் தலையில் அவள் பெற்ற பிள்ளையையே பழியாகக் கட்டிவிட்டார்கள். இருக்கிற ஒரு சாட்சியையும் கிழிக்க வேண்டுமாம்.

பாய் குரலைத் தாழ்த்தினார். "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். சீட்டு இல்லேன்னா கேஸும் இல்ல."

செலின் சீட்டைக் கையில் எடுத்தாள். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் அதைச் செருகினாள். கோணி ஊசியை இறக்கி நூலை இழுத்து, விரல் சிவக்க இரண்டு முடிச்சுப் போட்டாள். பாய் கையை நீட்டியபோது கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

ஆய்வாளர் வந்ததும் அவளே பிரித்துக் காட்டினாள்.

டாக்டரின் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அரை மில்லி.

ஆய்வாளர் சீட்டைத் திருப்பினார். மருந்து கொடுப்பவர், வாங்குபவரிடம் சொன்ன அளவைப் பின்பக்கம் குறித்துச் சுருக்கக் கையெழுத்துப் போடுவது அந்தக் கடை வழக்கம்.

ஐந்து மில்லி, மூன்று வேளை என்று இருந்தது.

இது யார் கையெழுத்து என்று கேட்டார். பாய் தரையைப் பார்த்தார்.

"என்னோடதுதான் சார்" என்றாள் செலின்.