கரி மீசை

பாவ் ரொட்டியின் மேல்தோலைக் கிள்ளி எறிந்துவிட்டு, உள்ளே மெத்தென்று இருந்ததை மட்டும் டீயில் தோய்த்து டம்ளரில் போட்டார் வெயிலுமுத்து. பல் இல்லாத வாய்க்கு அதுதான் தோது. டம்ளரை மகன் சுயம்புவிடம் நீட்டினார்.

"மில்லு கேட்டு ஓரமா நெழல்ல வச்சுக்கோ. எச்சி ஒழுகுனா தொடச்சு விடு. நான் சத்தங் குடுத்தா தூக்கிட்டு வா."

சுயம்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். தாதரில் இருந்த அந்தப் பஞ்சு மில்லில் அவன் பத்லி ஆள். யாராவது வேலைக்கு வராத நாளில்தான் அவனுக்கு வேலை. அப்பன் விலகினால் அந்த இடம் மகனுக்கு என்பது மில்லின் வழக்கம்.

தாராவியிலிருந்து வரும் வழியெல்லாம் அதையே சொல்லி முனகிக்கொண்டு வந்தான். "நீங்க ஒதுங்குனா எனக்கு நெரந்தரம் ஆயிரும்யா."

"ஒனக்கு வேல வேணும்னா மில்லுக்காரன்ட்ட சண்டைக்குப் போ. அதுக்காவ எனக்கு அஞ்சு வயசக் கூட்டாத" என்று சொல்லிவிட்டு வெயிலுமுத்து உள்ளே போனார்.

லேபர் ஆபீசர் பஞ்சாபகேசன் மாட்டுங்காக்காரர். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். ரிஜிஸ்தரைத் திருப்பி இவர் பக்கமாகத் தள்ளினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் சேர்ந்தபோது வயது பதினெட்டு என்று அதில் எழுதியிருந்தது. கணக்குப்படி இந்த மாதத்தோடு ஐம்பத்தெட்டு.

"மில்லுல வயசானவா ஜாஸ்தியாயிட்டா. சின்னப் பசங்க கேட்டுல தவம் கெடக்கறா. அதான் அம்பத்தெட்டுன்னு சட்டம் போட்டிருக்கு" என்றார். "கிழவனா லட்சணமா பேரனைக் கொஞ்சிண்டு ஆத்துல இரேன். பிள்ளை சோறு போட மாட்டானா?"

வெயிலுமுத்துவுக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷம் நின்றே வேலை பார்த்த கால்கள், இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தன.

"எனக்கு அம்பத்தி மூணுதான் சார். ரிஜிஸ்தருல இருக்கது பொய்."

பொய் வந்த கதையையும் ஒளிக்காமல் சொன்னார். அப்பா போய்ச் சேர்ந்து வீட்டில் அடுப்பு எரியாத வருஷம் அது. சிறு பையன்களுக்குப் பாதி நேர வேலைதான் என்பதால், மில்லுக்கு ஆள் சேர்த்துவிடும் மேஸ்திரியான ஜாபர், பதிமூன்று வயதுப் பையனின் வெறும் மேலுதட்டில் கரியால் மீசை வரைந்து, பதினெட்டு என்று சொல்லச் சொன்னான். மத்தியானத்துக்குள் வேர்வையில் மீசை கரைந்துவிட்டது. ரிஜிஸ்தரில் ஏறிய வயது மட்டும் கரையவில்லை.

பஞ்சாபகேசன் விழுந்து விழுந்து சிரித்தார். நாற்பது வருஷத்துக்கு முன் முழுக் கூலி வாங்கப் பதினெட்டு, இப்போது வேலையில் ஒட்டிக்கொள்ள ஐம்பத்து மூன்றா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் வெயிலுமுத்து அசைவதாக இல்லை.

"பொய் சொன்னது நெசந்தான் சார். அந்தப் பொய்யிக்கு அன்னைக்கே பெரிய ஆளு வேலையச் செஞ்சு குடுத்துட்டேன். செய்யாத அஞ்சு வருசத்த நான் விட மாட்டேன்."

பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் உண்டா என்று கேட்டார் ஆபீசர். பள்ளிக்கூடமே கிடையாது. ஜாதகம்? அதுவும் இல்லை. ஜாபர் செத்து இருபது வருஷம் ஆயிற்று.

"அப்போ ஒரே வழிதான். நீ பொறந்ததைக் கண்ணால பாத்தவா யாராவது வந்து சொன்னா டாக்டருக்கு எழுதறேன். அதுக்கு நான் எந்த மசானத்துல போய்த் தேடறது?"

வெயிலுமுத்து ஜன்னலோரம் போய்க் கேட்டைப் பார்த்து, "ஏல சுயம்பு, தூக்கிட்டு வா" என்று சத்தம் கொடுத்தார்.

சுயம்பு வந்தான். அவன் முதுகிலிருந்து ஒரு பொக்கை வாய் எட்டிப் பார்த்தது. வாயோரம் டீயும் பாவும் ஒட்டியிருந்தன. தோளைத் தொடும் காதுகளில் பாம்படம் ஆடியது.

அவன் மெல்ல நாற்காலியில் இறக்கி விட்டான். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வெயிலுமுத்துவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு ஆபீசரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம் புள்ளயக் கெழவன்னு சொன்னது எவம்ல?"