பச்சை சோபாவின் சந்தேகம்

ஓர் அலுவலகத்தின் வரவேற்பறையில் பச்சை வெல்வெட் சோபா ஒன்று இருந்தது. ஒருநாள் அதன் எதிரே இரண்டு புது நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள்.

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்று சோபா கேட்டது.

"வர்றவங்க கூட்டம் அதிகமாயிடுச்சாம் அக்கா. உங்களுக்குத் துணையாத்தான்," என்றது ஒரு நாற்காலி.

சோபா நம்பவில்லை. நாற்காலிகள் தமக்குள் எது பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தது.

மறுவாரம் ஒருவர் அளவு நாடாவோடு வந்து சோபாவை அளந்தார்.

"பார்த்தீங்களா, என்னை வெளியே தள்ள வழி பார்க்கிறான்," என்றது சோபா.

"அப்படி இருக்காது அக்கா. கொஞ்சம் பொறுங்க."

சோபா பொறுக்கவில்லை. அவர் உட்கார்ந்து பார்த்தபோது, உள்ளிருந்த ஸ்பிரிங் ஒன்றை முழு பலத்தோடு மேலே தள்ளியது. அவர் துள்ளி எழுந்தார்.

"புதுத் துணி தைக்கத்தான் அளந்தேன் சார். ஆனா ஸ்பிரிங்கே போயிடுச்சு. இனி இது ஆகாது," என்று மேலாளரிடம் சொன்னார்.

அன்று மாலையே நான்கு பேர் சோபாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காலியான இடத்தை நாற்காலிகள் இரண்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு ஒன்று மற்றதிடம் மெல்லக் கேட்டது:

"நீ ஏன் அந்த இடத்தையே பார்க்கிறே?"