கல்லுக்குப் போட்ட குழி

குழியிலிருந்து தண்ணீர் பொங்கியபோது நாச்சிமுத்து சிரித்தார்.

"அது டேங்கர் தண்ணி. தொளை போட உள்ள உட்டதுதான் மேல வருது."

காலமெல்லாம் ரிக் வண்டியில் போய் ஊர் ஊராகத் தண்ணீருக்குப் போர் போட்டவர். அவர் சொன்னால் மனைவி கண்ணாத்தாள் மறுத்துப் பேசமாட்டாள்.

ஆனால் டேங்கர் காலியானது. எஞ்சினும் நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. விதைக்காமல் காய்ந்து கிடந்த அவர்கள் காட்டில் வழிந்து ஓடியது.

அவர்கள் காட்டில் அதுவரை போட்ட எல்லாப் போரிலும் தண்ணீருக்குப் பதில் கல்தூள் புகைதான் வந்திருந்தது. வெள்ளைப் பாறை தலைநீட்டும் இந்த மூலையில் மட்டும் அவர் போடவில்லை. அந்தப் பாறையில் தண்ணீர் இருக்காது என்பது அவர் தொழில் கணக்கு.

கம்பெனி வண்டி வந்தது தண்ணீருக்கு அல்ல. பேட்டரிக்கான லித்தியம் அந்தப் பாறையில் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தால் காடு சுரங்கத்துக்குப் போய்விடும். அதனால் வண்டியை யாரும் உள்ளே விடக்கூடாது என்று ஊரில் பேசி வைத்திருந்தார்கள்.

அது நேராக இங்கே வந்து நின்றது. சேட்டிலைட்டில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நாச்சிமுத்து மனைவியிடம் சொல்லியிருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துக் காட்டுப் பொன்னன் கத்தினான்.

"ஏனுங்க மாமா, உங்களுக்கு வராத தண்ணி பேட்டரிக்காரனுக்கு வந்துருச்சுங்களே!"

கண்ணாத்தாள் அதைக் கேட்க நிற்கவில்லை. வீட்டைப் பார்த்து ஓடினாள்.

கம்பெனிப் பெண் அனிதா, உருளையாக வெட்டியெடுத்த பாறையைத் துடைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கல்லு நெனச்சதைவிட நல்லா வந்திருக்குங்கய்யா. சாயங்காலம் குழியை சிமெண்ட் ஊத்தி மூடிருவோம்."

"இந்தக் குழிய மட்டும் உட்டுட்டுப் போ கண்ணு."

"குழி இருந்து என்னங்கய்யா பண்றது? காடு இருக்கோணுமே."

கண்ணாத்தாள் மூச்சிரைக்க வந்தாள். வண்டிக்கு முன்னால் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தாள். ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்தாள்.

போரில் தண்ணீர் வந்தால், இடம் காட்டியவருக்குத் துண்டு போர்த்துவது அந்தப் பக்கத்து வழக்கம்.

அனிதா கூச்சத்துடன் ஓர் அடி முன்னால் வந்தாள்.

கண்ணாத்தாள் அவளைத் தாண்டிப் போய்த் துண்டைக் கணவரின் தோளில் போட்டாள்.

"காடு ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு, போன் பண்ணி எடத்தச் சொல்லி இவங்களக் கூட்டியாந்தது நீங்கதான்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க," என்றாள் மெதுவாக. "எத்தன ஆத்திரம் வெச்சிருந்தேன் உங்க மேல. போவட்டும். தண்ணி வந்துருச்சு."

அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, இந்தப் பட்டத்துக்கே மரவள்ளி போட்றலாமுங்களா?"

"போடலாம்," என்றார் நாச்சிமுத்து.