லிஃப்ட் 2070

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று பட்டாபிராம் அடுக்ககத்தின் சங்கம் தீர்மானம் போடவிருந்தது. ஸ்வாதியின் வீடு ஒன்பதாவது மாடி. வேலைக்கு வரும் பூங்காவனத்துக்கு முட்டிவலி.

ஸ்வாதி ஒரு கிண்டல் காமிக்ஸ் வரைந்து வீட்டுக்கு வீடு கொடுத்தாள். கதை நடப்பது 2070இல். வேலைக்காரர்கள் லிஃப்டில் சுவரைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும். திரும்பினால் சைரன் அலறும்.

கூட்டம் முடிந்ததும் செயலாளர் ஜெகதீஷ் போன் செய்தார்.

"பிரமாதம்மா! படிச்சிட்டு எல்லாரும் கை தட்டினாங்க. தீர்மானத்தை வாபஸ் வாங்கிட்டோம்."

"தெரியும் சார். படிச்சா மனசு மாறும்னு நம்பிக்கை இருந்துச்சு."

"நாங்க கொஞ்சம் ஓவராத்தான் போயிட்டோம். நீதான் வழி காட்டினே."

மறுநாள் காலை பூங்காவனம் வந்தபோது ஸ்வாதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னக்கா, லிஃப்ட்லயே வந்தீங்களா?"

"ஆமா கண்ணு. செவுத்தப் பாத்துகினு வந்தேன்."

"எதுக்கு?"

"நீ வரைஞ்ச படத்த உள்ள ஒட்டிகிறாங்களே. இனிமே அதான் ரூலாம். படத்துல வெறும் முதுகுதான் தெரியுது. ஆனா அது நான்தான்னு அல்லாரும் கரீட்டா சொல்றாங்க."